தெருவுக்கு மூன்று யூகி

கோஹெய், டோஃபு என்ற மெத்தென்ற சோயாக் கட்டியைச் செய்து விற்பவன். காலையில் கடை, மாலையில் மியோசென் என்ற பெண் துறவியிடம் தியானப் பாடம். மியோசென்னுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். ஆனால் அவரிடம் வாயைக் கொடுத்துவிட்டு மீண்டவர் அந்த ஊரில் யாரும் இல்லை.

ஜப்பானில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெயர் வைப்பார்கள். பெயரைத் தூரிகையால் எழுதி வீட்டில் மாட்டுவார்கள். அன்று கோஹெயின் மகளுக்கு ஏழாம் நாள். உறவுக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெயர்தான் இன்னும் வரவில்லை.

கோஹெய் வெற்றுக் காகிதத்தோடு மடத்துக்கு ஓடினான்.

“அம்மா, நீங்கதான் ஒரு நல்ல பேரா எழுதித் தரணும்.”

“உன் பொண்டாட்டி மிட்சுயோ என்ன சொல்றா?”

“யூகின்னுதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. தெருவுக்கு மூணு யூகி இருக்காங்கம்மா!”

“இருக்கட்டுமே. மூணு பேரும் நல்லாத்தானே இருக்காங்க? மீன்கார யூகிக்கு எழுபது தாண்டிருச்சு. இன்னைக்கும் என்னைக் கண்டா சண்டைக்கு வர்றா.”

கோஹெய் சிரிக்கவில்லை.

“சரி, யூகின்னே வெச்சாலும் அதை எப்படி எழுதறது? ஒரு எழுத்துல எழுதினா பனி. இன்னொண்ணுல எழுதினா மகிழ்ச்சி. நம்பிக்கைன்னு வர்ற மாதிரியும் எழுதலாமாம். பனின்னா உருகிடும். மகிழ்ச்சின்னா கண்ணு பட்டுரும். யோசிச்சு யோசிச்சுத் தூக்கமே போச்சும்மா.”

“குழந்தை எப்படி இருக்கா?”

“பாத்தேன்... தள்ளி நின்னு.”

“தூக்கலையா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூத்த குழந்தை ஏழாம் நாளைப் பார்க்காமலே போய்விட்டது. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. அன்று வந்து ஓதியவர் மியோசென்தான்.

“பயமா இருக்கும்மா. இவளை இழுத்துப் பிடிச்சு நிறுத்தற மாதிரி ஒரு பேர் வேணும். தப்பான பேரை வெச்சு இவளையும் விட்டுட்டா, நான் செத்தே போயிடுவேன்.”

மியோசென் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கோஹெய் பின்னாலேயே ஓடினான்.

வீட்டில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மியோசென் அதை மிட்சுயோவிடமிருந்து வாங்கி, கோஹெயிடம் நீட்டினார்.

“நான் மை உரைக்கணும். பிடி.”

“ஐயோ அம்மா, எனக்குப் பிடிக்கத் தெரியாது!”

“டோஃபுவை உடையாம எடுக்கறல்ல? அப்படிப் பிடி.”

கைக்கு வந்ததும் குழந்தை இன்னும் பலமாக அழுதது. கோஹெய்க்கு வியர்த்துக் கொட்டியது. அங்கும் இங்கும் நடந்தான். மெல்ல முதுகைத் தட்டினான்.

“அழாதடா கண்ணு... யூகி... யூகிம்மா... அப்பா இருக்கேன் பாரு... யூகி...”

மிட்சுயோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏழு நாளில் அவன் பிள்ளையைத் தொட்டது அப்போதுதான்.

மியோசென் எழுதி முடித்துக் காகிதத்தைக் காட்டினார். யூகி என்றுதான் இருந்தது, ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதன்முதலில் கற்கும் எளிய எழுத்தில். அதில் ஓசை மட்டும்தான் உண்டு.

கோஹெய் அப்படியே நின்று அதை உற்றுப் பார்த்தான்.

“என்னம்மா இது? பனியும் இல்ல, மகிழ்ச்சியும் இல்ல. இதுக்கு அர்த்தமே இல்லையே!”

“அதை அவ பாத்துக்குவா. நீ ஏன் நிறுத்திட்ட? கூப்பிடு, குழந்தை அழுறா பாரு.”