துணைத் தூதர் சொன்ன 'நாங்கள்'

தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே; 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. ஆங்கிலத்தின் 'வீ' எந்தப் பக்கமும் சாயாது. இந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு பெண்ணின் பதவி ஊசலாடிய கதையைக் கேளுங்கள்.

யோகமலர் இலங்கையின் பருத்தித்துறையில் பிறந்தவர். இளம்வயதிலேயே ஐரோப்பாவின் வடகடலோர நாடொன்றுக்குப் போய், அங்கே மொழியியல் பேராசிரியரானார். துறைக் கூட்டங்களில் சகாக்கள் 'வீ' என்று தொடங்கும்போதெல்லாம் அதில் தானும் உண்டா என்று யோசித்தே அவருக்குத் தலை நரைத்தது. வேலையைப் பிரிக்கும்போது அது 'நாம்'. பாராட்டைப் பிரிக்கும்போது 'நாங்கள்'. பிறகு அந்நாடு அவரைச் சென்னைக்குத் துணைத் தூதராக அனுப்பியது. தமிழ் தெரியும் என்பதுதான் காரணம். எந்த ஊர்த் தமிழ் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் அந்நாட்டு அரசுக் கப்பலொன்று கடலூர்ப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகில் மோதியது. படகிலிருந்தவர் இறந்தார். படகில் விளக்கு எரிந்ததை விசாரணையில் கப்பல்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். தலைநகரிலிருந்து வந்த வருத்த அறிக்கையிலோ ஒரே வரிதான்: 'வீ' போதிய கவனமாக இருக்கவில்லை. இறந்தவரின் மனைவி அஞ்சம்மாளிடம் அதை யோகமலர் தமிழில் வாசிக்க வேண்டும்.

"கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வாக்குக் கொடுங்கள்," என்றார் தலைநகரிலிருந்து வந்த சட்ட அதிகாரி ஹென்ரிக்.

"தமிழில் அப்படியொரு சொல் இல்லை, ஹென்ரிக். யார் கவனமாக இல்லை? கப்பலா, படகும் சேர்த்தா?"

"அதைச் சொல்லாமலிருக்கத்தானே அந்த வரியை எழுத எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று!"

"ஒரு மாதம் உட்கார்ந்தீர்களே, நடுவில் ஒரு தமிழரைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்கள்தானே பேராசிரியர்? ஏதாவது வழி பண்ணுங்கள். வாக்கு மீறினால் பதவி இருக்காது."

பல்லைக் கடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார் யோகமலர். மறுநாள் அஞ்சம்மாள் முன்னால் வாசித்தார்: "நாங்கள் போதிய கவனமாக இருக்கவில்லை."

அஞ்சம்மாள் நிமிர்ந்தார். "நாங்கன்னு சொல்லிட்டீங்க. அது போதும்மா. அந்த மனுசன் வெளக்கு ஏத்தாம தூங்கிட்டாருன்னு ஊர்ல வாய்க்கு வந்தபடி பேசினாங்க. இனிமே எவன் பேசுறான்னு பாக்குறேன்."

யோகமலர் அறிக்கையை மடித்துவைத்தார்.

அலுவலக ஊழியர் ஒருவர் விஷயத்தை விளக்கியதும், ஹென்ரிக் காரில் வெடித்தார். "முழுப் பழியையும் கப்பல்மேல் போட்டுவிட்டீர்கள்! இதுவா நீங்கள் கொடுத்த வாக்கு?"

"எங்கள் ஊரில் 'வாங்கோ, நாங்கள் சாப்பிடுவம்' என்று விருந்தாளியைக் கூப்பிடுவோம். அவரைப் பட்டினி போடுவதாகவா அர்த்தம்? பருத்தித்துறைப் பேச்சில் 'நாங்கள்' உங்கள் 'வீ'யைப் போலவே இரண்டு பக்கமும் நிற்கும். நான் எதையும் கூட்டவில்லை."

"கேட்டவர் பருத்தித்துறைக்காரரா?"

"பேசியவர் பருத்தித்துறைக்காரர்."

வாசகரே, வாக்கு காப்பாற்றப்பட்டதா, மீறப்பட்டதா? இந்த இருவரில் யார் செய்தது சரி?

விடை: வாக்கு மீறப்பட்டது. மொழிபெயர்ப்பு என்பது கேட்பவர் காதில் விழுவது. அந்த அறையில் பருத்தித்துறைக் காது ஒன்றுதான் இருந்தது, அதுவும் பேசியவருடையது. ஆனால் யோகமலர் செய்தது சரி. தமிழில் நிறைவேற்றவே முடியாத வாக்கைக் கேட்டவர் ஹென்ரிக். ஏதோவொரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டுமென்றபோது, விளக்கேற்றியிருந்தவர்மேல் பழி விழாத பக்கம் சாய்ந்தார் யோகமலர். தப்பு அவர் சொன்ன சாக்கில் மட்டும்தான். அதை மறுக்கத் தெரிந்தவர் தலைநகரில் எவரும் இல்லாததால் பதவி தப்பியது. ஒரு மாணவர் இதே வாதத்தை விடைத்தாளில் எழுதியிருந்தால், பேராசிரியர் யோகமலர் பூஜ்யம் போட்டிருப்பார்.