அம்பலவாணர் சொன்ன ஒற்றர் சரித்திரம்

செங்கரை நாட்டு ஒற்றர் துறைக்குத் தலைவராக இருந்தவர் பெயர் அம்பலவாணர். இரகசியம் காக்கிற வேலைக்கு வேறு பெயர்க்காரர் கிடைக்கவில்லையா என்று ஊரே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். "பெயர் வைத்தபோது என்னை யாரப்பா கேட்டார்கள்?" என்பார்.

அந்தத் துறை பிறந்தது யுத்த காலத்தில். மன்னர் கீர்த்திதேவரின் தாத்தா ஆண்டபோது, பக்கத்து மலையநாடு படையெடுத்து வந்தது. எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அவசர அவசரமாக ஒற்றர் துறை ஒன்றை ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிந்தது. சமாதானமும் வந்தது. துறை மட்டும் போகவே இல்லை.

இது தளவாய் கொடுமுடியாரின் கண்ணை உறுத்தியது. ஒற்றர் மாளிகையைப் பிடுங்கி அதில் தன் யானைகளைக் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

மன்னரின் பிறந்தநாள் தர்பார் வந்தது. மலையநாட்டுத் தூதர் சிங்கணரும் பரிசுத் தட்டுகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். கொடுமுடியார் எழுந்தார்.

"மகாராஜா! யுத்தகாலம் முதல் இன்றுவரை நம் ஒற்றர் துறை என்ன கிழித்தது என்று இந்தச் சபையில் ஒருவருக்கும் தெரியாது. அதன் சரித்திரத்தை அம்பலவாணர் இங்கேயே சொல்லட்டும். பொய் கலந்தால் துறையை மூடிவிடுவோம். இரகசியம் வெளியே விழுந்தால் அவர் தலையும் விழட்டும்!"

கதை என்றால் மன்னருக்கு உயிர். "பேஷ்! அப்படியே ஆகட்டும்!" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தூதர் பக்கம் பார்வை போனது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சபையில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா?

அம்பலவாணர் எழுந்து நின்றார். தன் தலையைப் பற்றிக்கூட அவர் நினைக்கவில்லை. மலையநாட்டில் நம் ஆட்கள் இன்னமும் இருந்தார்கள். ஒரு பெயர் வாய் தவறினால் அவர்கள் கதை முடிந்தது. அவர் தூதரைப் பார்த்தார். தூதர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் அம்பலவாணர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"ஒரே ஒரு விண்ணப்பம், அரசே. நான் சொல்வது மெய்யா பொய்யா என்று தூதர் சாட்சி சொல்ல வேண்டும்."

"நானா?" என்றார் சிங்கணர்.

"உங்களைவிட்டால் யாருக்கு ஐயா தெரியும்?"

அம்பலவாணர் ஆரம்பித்தார்.

"யுத்தத்தில் நாங்கள் அனுப்பிய முதல் ஒற்றர் குருட்டுப் பிச்சைக்காரர் வேஷம் போட்டார். அபாரமான வேஷம். எதிரியின் கோட்டை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் கோயில் காளை மிரண்டு தெருவில் ஓடிவந்தது. கண் தெரிந்தவர்களை எல்லாம் முந்திக்கொண்டு, சந்து சந்தாக வளைந்து ஓடி, முதலில் மதில்மேல் ஏறியவர் நம்மவர்தான்."

சபை குலுங்கியது. "மெய்தான்! இறக்கிவிட ஏணி கொண்டு போனவரே என் பாட்டனார்!" என்றார் தூதர்.

"யுத்தம் முடிந்த பிறகு, ஆளை அனுப்பினால்தானே மாட்டுகிறார்கள் என்று கிளியைப் பழக்கினோம். சேதியைக் கேட்டுக்கொண்டு இங்கே பறந்துவந்து சொல்ல வேண்டும். கெட்டிக்காரக் கிளி. ஒரு எழுத்து மறக்கவில்லை. வழியில் மலையநாட்டு அரசர் மாடத்தில் கொய்யாப்பழத்தைக் கண்டு இறங்கியது. அங்கேயே முழுவதையும் ஒப்பித்துவிட்டது."

"அதைப் பழக்கிய உங்கள் ஒற்றர் தன் மாமியாரைத் திட்டியதையும் சேர்த்து!" என்று தூதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிறகு என் முறை. நான் இளைஞனாக இருந்தபோது, சமையல்காரனாக அவர்கள் அரண்மனைக்குள் நுழைந்தேன். செய்த தப்பு ஒன்றே ஒன்று. புளியோதரையை நன்றாகக் கிளறிவிட்டேன். அரசர் என்னை அடுப்படியைவிட்டு நகரவே விடவில்லை. யார் எந்த மந்திரியோடு பேசினார் என்று ஒன்றும் தெரியாது. யாருக்கு உப்புக் குறைவு, யாருக்குக் காரம் ஆகாது என்பது மட்டும் தெரியும். கடைசியில் உண்மையைச் சொல்லி அழுதேன். 'ஒற்றன் என்று எப்போதோ தெரியும், நீ போய்த் தாளி' என்றுவிட்டார்."

தூதர் துள்ளி எழுந்தார். "ஆமாம்! நீர் கிளறிய அந்தப் புளியோதரையை எங்கள் அரண்மனை இன்னும் மறக்கவில்லை!"

மன்னருக்கே விலா நோகச் சிரிப்பு. கொடுமுடியார் மட்டும் கத்தினார்: "மகாராஜா, சிரிக்கிற காரியமா இது? அந்நியர் முன்னால் துறையின் இரகசியத்தை எல்லாம் கொட்டிவிட்டார்! தலையை வாங்குங்கள்!"

அம்பலவாணர் கைகூப்பினார். "தூதரே, நான் சொன்னதில் பொய் உண்டா?"

"துளியும் இல்லை."

"உங்களுக்குத் தெரியாத சங்கதி ஏதாவது உண்டா?"

"எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூட இதெல்லாம் தெரியுமே!"

"கேட்டீர்களா, அரசே? எதிரிக்குத் தெரிந்த பிறகு அது இரகசியம் ஆகாது. எங்கள் தோல்விகளை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். பொய்யும் இல்லை, இரகசியமும் இல்லை."

கொடுமுடியார் விடவில்லை. "அப்படியானால் இத்தனை காலத்தில் ஒரு வெற்றிகூடவா இல்லை?"

"உண்டா இல்லையா என்பதுதான் தளவாய் அவர்களே, இந்தத் துறை இதுவரை காப்பாற்றிய ஒரே இரகசியம்."

சபை ஆரவாரித்தது. தூதரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுபோனது. தன் பின்னால் விசிறியோடு நின்ற பணியாளை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

மன்னர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார். ஒற்றர் மாளிகையில் யானை நுழையக் கூடாது என்றும் ஆணையிட்டார். மாலை போடுகிற சாக்கில் குனிந்து காதோடு கேட்டார்:

"எனக்கு மட்டும் சொல்லுமையா. வெற்றி ஏதாவது உண்டா?"

அம்பலவாணரும் காதோடு சொன்னார்:

"இருந்தால், அரசே, எங்கள் ஆட்கள் அதை எனக்கே இன்னும் சொல்லவில்லை."