கோல்ஃப் பழகிய கரடி

ஊசிமலைக் காட்டில் அந்தக் கோடையில் எல்லா மிருகங்களுக்கும் ஒரே கவலை, தண்ணீர். சடையாண்டி என்ற கரடிக்கு மட்டும் இரண்டு கவலை. ஒன்று தண்ணீர். மற்றொன்று, மட்டையை ஓங்கும்போது தன் வலது முழங்கை இன்னும் சரியாக வெளியே துருத்தவில்லையே என்பது.

காட்டை ஒட்டி, முள்வேலிக்கு அந்தப் பக்கம், மனிதர்கள் கோல்ஃப் ஆடும் புல்வெளி இருந்தது. சடையாண்டி வேலியோரப் புதரில் உட்கார்ந்து தினமும் ஆட்டம் பார்க்கும். அங்கிருந்து பார்த்தால் அடிப்பவர் நன்றாகத் தெரிவார். பந்து கிளம்புவதும் தெரியும். அப்புறம் ஒரு மூங்கில் கூட்டம் குறுக்கே வந்து மறைத்துவிடும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்க்கச் சடையாண்டிக்குச் சோம்பல். ஆகவே அது அறிந்த கோல்ஃபில், பந்து விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். வலப்பக்கம் இருந்த காடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கனத்த மனிதர் வருவார். அவர் அடித்தால் பந்து கொஞ்ச தூரம் நேராகப் போகும். பிறகு வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல வலப்பக்கம் திரும்பிக் காட்டுக்குள் வந்துவிடும். பத்து அடித்தால் பத்தும் வரும். ஒவ்வொரு முறையும் நாலு பேர் வேலியைத் தாண்டி வந்து, புதர் புதராக விலக்கி, அரை மணி நேரம் தேடுவார்கள்.

சடையாண்டி சிலிர்த்துப் போனது.

"பாத்தியா மூக்காயி! மத்தவங்க பந்தை யாராவது தேடுறாங்களா? அது பாட்டுக்குப் போகுது, அவங்க பாட்டுக்கு நடக்குறாங்க. இவரு பந்தை மட்டும் நாலு பேரு தேடுறாங்க. நாலு பேரு தேடுறதுதான் நல்ல பந்து!"

மூக்காயி என்பது பக்கத்து வளையில் நாலு குட்டிகளுடன் குடியிருந்த பெண் முயல். அதற்குக் கோல்ஃபில் ஆர்வம் இல்லை. கரடி பேசினால் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே, அந்தக் கடைசில ஏதோ கொடியும் குழியும் இருக்குதாமே. காட்டுப்பன்னிங்க சொல்லுதுங்க."

"குழியா? அது குப்பைக்குழியா இருக்கும். ஆட்டத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு!"

ஒருநாள் சிவப்புத் தொப்பிக்காரர் அடித்த பந்து வழக்கம்போலக் காட்டுக்குள் வந்தது. அவர் "ச்சே!" என்று கத்திக்கொண்டு மட்டையையும் தூக்கிக் காட்டுக்குள் எறிந்தார். அது நேராக வந்து சடையாண்டியின் மடியில் விழுந்தது.

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. "குரு எனக்கு மட்டையே குடுத்துட்டாரு! மந்திரமும் சொல்லிக் குடுத்துட்டாரு!" என்று தழுதழுத்தது. அன்று முதல் அவர் சடையாண்டிக்குக் குரு. அவருக்குத்தான் இந்த விஷயம் தெரியாது.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. நாவல் மரத்தடியில் சடையாண்டி விடிந்ததும் போய் நிற்கும். குருவைப் போலவே ஒரு பிடி புல்லைப் பிடுங்கி மேலே போடும். அது தன் மூக்கில் விழுந்தால் தும்மும். குருவைப் போலவே இடுப்பை ஏழு முறை ஆட்டும். மட்டையை எருமை வாலைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிக்கும். ஓங்கும்போது இடது குதிகால் தூக்க வேண்டும், வலது முழங்கை வெளியே துருத்த வேண்டும், பந்தில் மட்டை படுவதற்கு முன்பே தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் "ச்சே!" என்று சொல்லி மட்டையைத் தரையில் வீச வேண்டும்.

முதல் வாரம் பந்து நேராகவே போனது. சடையாண்டி நொந்துபோனது.

"முழங்கைதான் சரியில்ல மூக்காயி. குருவுக்கு எப்படித் துருத்துது தெரியுமா? உடைஞ்ச குடைக் கம்பி மாதிரி துருத்தும்!"

இரண்டாம் வாரம் பந்து லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. மூன்றாம் வாரம் நன்றாக வளைந்தது. நாற்பதாம் நாள் சடையாண்டி அடித்த அடியில் பந்து வலப்பக்கமாகத் திரும்பி, இரண்டு மரத்தைச் சுற்றிக்கொண்டு, எங்கே போனது என்று குரங்குகளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. காடே "ச்சே! ச்சே!" என்று ஆர்ப்பரித்தது. அதுதான் பாராட்டு என்று சடையாண்டி எல்லோருக்கும் கற்றுக் கொடுத்திருந்தது.

பயிற்சி ஏற ஏறக் கருத்துகளும் ஏறின. பந்தைப் பார்த்து அடிப்பது பந்துக்கு மரியாதைக் குறைவு என்றது. புல் இந்த வருஷம் முன்பு மாதிரி இல்லை என்றது. ஒல்லியானவர்கள் ஆடுவது கோல்ஃபே இல்லை என்றது. கறையான் புற்றுக்குச் சாப்பிடப் போன இடத்தில்கூட, கறையான்களை நிறுத்திவைத்துப் பிடிமானத்தைப் பற்றி விளக்கிவிட்டுத்தான் வாயில் போட்டது.

இதற்கிடையில் காட்டிலிருந்த ஓடை வற்றியது. சுனை வற்றியது. மிஞ்சியது வட்டக்குட்டை ஒன்றுதான். அதிலும் முழங்கால் அளவுத் தண்ணீர். யார் குடிப்பது என்பதில் சண்டை இல்லை, யார் முதலில் இறங்குவது என்பதில்தான் சண்டை. காட்டுப்பன்றிக் கூட்டம் முதலில் இறங்கினால் குடித்துவிட்டுச் சும்மா வராது. புரளும். அப்புறம் அங்கே இருப்பதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது.

பன்றிகளின் தலைவன் வீரணன் கொம்புப்பல்லைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றது.

"எதுக்குப் பேச்சு? முட்டிப் பாத்துருவோம். யாரு நிக்கிறாங்களோ அவங்க முதல்ல இறங்கட்டும்."

முயல்களும் மான்களும் நடுங்கின. அப்போது சடையாண்டி இடுப்பை ஏழு முறை ஆட்டிவிட்டு முன்னால் வந்தது.

"முட்டுறதெல்லாம் நாகரிகம் இல்ல வீரணா. கோல்ஃப் ஆடிப் பாத்துருவோம்! நீ ஜெயிச்சா மழை வர்ற வரைக்கும் தினமும் நீங்களே முதல்ல இறங்குங்க. நான் ஜெயிச்சா நாங்க குடிச்சு முடிச்ச பிறகுதான் உங்க கூட்டம் குட்டைப் பக்கமே வரணும்."

வீரணன் யோசித்தது. "எப்படி ஆடணும்?"

"மனுசங்க எப்படி ஆடுறாங்களோ அப்படியே!"

"அப்ப சரி," என்றது வீரணன், சட்டென்று.

மூக்காயிக்கு அந்தச் 'சட்டென்று' பிடிக்கவில்லை. கரடியை ஓரமாகக் கூப்பிட்டது.

"அண்ணே, என் குட்டிங்க இன்னும் புல்லுகூடச் சரியா மெல்லல. சேத்துத் தண்ணி குடிச்சா தாங்காதுங்க. ஆட்டம் எதுல முடியுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

"நாப்பது நாளு பழகினவன்கிட்டயா கேக்குற? பந்து எங்க போகுதுன்னு மட்டும் பாரு!"

திங்கட்கிழமை புல்வெளிக்கு விடுமுறை, மனிதர்கள் வரமாட்டார்கள். அன்று காலை காடே வேலியைத் தாண்டி வந்து கூடியது. புல்வெளியின் இடப்பக்கத்தில் ஒரு குளம் உண்டு; புல்லுக்கு அடிக்கும் மருந்தெல்லாம் வடிந்து சேர்வதால் அதன் தண்ணீரை எந்த மிருகமும் குடிக்காது. அதில் ஆறு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கும் தனுக்கோடி என்ற கொக்குதான் நடுவர். ஆட்டத்தின் இரண்டு கோடியையும் பார்த்தது அது ஒன்றுதான்.

கொக்கு தொண்டையைச் செருமியது. "ஆளுக்கு ஒரு அடி, மாத்தி மாத்தி. மட்டையாலதான் தள்ளணும். பந்து தொலைஞ்சா, இங்கிருந்தே புதுப் பந்து. அந்த மூங்கிலுக்கு அந்தாண்ட ஒரு கொடி இருக்கு. அதுக்குக் கீழ ஒரு குழி. யாரு பந்து முதல்ல குழிக்குள்ள விழுதோ அவங்க ஜெயிச்சாங்க."

சடையாண்டி சிரித்துவிட்டது. "ஐயா, குப்பைக்குழியில எதுக்குப் பந்தைப் போடணும்? காட்டுக்குள்ள அடிக்கிறதுதானே ஆட்டம்!"

"ஆறு வருசமாப் பாக்குறேன். குழிதான் ஆட்டம். காட்டுக்குள்ள போனா அது கெட்ட அடி."

"அப்ப சிவப்புத் தொப்பி?"

கொக்கு கொஞ்சம் தயங்கியது. பிறகு, "அவருதான் இங்க இருக்கிறதுலயே மோசம்பா," என்றது.

பன்றிக் கூட்டம் உறுமி உறுமிச் சிரித்தது. அவை கொடியைச் சுற்றித்தான் கிழங்கு தோண்டும். ஆட்டம் எங்கே முடிகிறது என்று அவற்றின் குட்டிகளுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் வீரணன் சட்டென்று ஒப்புக்கொண்டது.

சடையாண்டி ஒருமுறை மூங்கில் பக்கம் எட்டிப் பார்த்தது. இருந்தாலும் வீம்பு விடவில்லை. "குழின்னா குழி! எனக்கு எல்லாம் ஒண்ணுதான்!" என்று பந்தை வைத்தது. புல்லை மேலே போட்டது. இடுப்பை ஆட்டியது. நேராகத்தான் குறிபார்த்தது. ஆனால் நாற்பது நாள் பழகிய உடம்பு யார் சொன்னாலும் கேட்குமா? குதிகால் தானாகத் தூக்கியது. முழங்கை தானாகத் துருத்தியது. தலை தானாக வானத்தைப் பார்த்தது. பந்து அழகாக வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போய்த் தொலைந்தது.

"ச்சே!" என்றது சடையாண்டி. இந்த முறை மந்திரமாகச் சொல்லவில்லை.

விஷயம் புரியாத குரங்குகள் மட்டும் துள்ளிக் குதித்துப் பாராட்டின.

வீரணனின் முறை வந்தது. மனிதர்கள் விட்டுப்போன வேறொரு மட்டையை வாயில் கவ்விக்கொண்டது. அதற்கு வீச்சும் இல்லை, நிலையும் இல்லை. நடந்துகொண்டே பந்தை டொக்கென்று ஒரு தட்டுத் தட்டியது. பந்து நாற்பது அடி உருண்டு நின்றது.

"அதெல்லாம் ஒரு அடியா? பாக்கவே சகிக்கல!" என்றது சடையாண்டி.

"கொடிப் பக்கம் போகுதுல்ல?" என்றது வீரணன்.

சடையாண்டி இரண்டாம் பந்தை அடித்தது. காடு. வீரணன் ஒரு தட்டு. மூன்றாம் பந்து. காடு. வீரணன் இன்னொரு தட்டு. இப்படியே எட்டு அடி ஆனது. கரடியின் ஒரு பந்துகூடப் புல்வெளியில் இல்லை. பன்றியின் பந்து கொடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

மூக்காயி ஓடிவந்தது.

"அண்ணே, பந்து எப்படியும் வலப்பக்கம்தானே திரும்புது? நீங்க இடப்பக்கம் குளத்தைப் பாத்து நில்லுங்க. அது தானா வளைஞ்சு கொடிக்கு வந்துரும். அப்படியே குழிக்குள்ள விழுந்தாலும் விழும்ணே!"

கெட்டிக்கார யோசனைதான். சடையாண்டியும் வேறு வழியில்லாமல் குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது. குருவின் வீச்சை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தது. ஓங்கியது.

நாற்பது நாளில் முதல்முறையாகத் தோற்றுவிடுவோமோ என்ற பயம் வந்ததில், முழங்கை துருத்த மறந்துவிட்டது. குதிகால் தரையிலேயே இருந்தது. தலை குனிந்தே இருந்தது. 'டப்'பென்று ஒரு சுத்தமான சத்தம். பந்து நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. ஓர் அங்குலம்கூட வளையாமல் நேராக, மிக நேராகக் குளத்துக்குப் போய், தனுக்கோடியின் ஒற்றைக்காலுக்கு ஒரு சாண் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் கொக்கு இரண்டாவது காலையும் கீழே ஊன்றியது.

எல்லோர் தலையும் குளத்தின் பக்கம் திரும்பியது.

சடையாண்டிதான் கத்தியது. "நேராப் போச்சு! பாத்தீங்களா எல்லாரும்? நேராப் போச்சு! மூக்காயி, அந்தச் சத்தம் கேட்டியா? கையில அதிர்வே இல்ல! இதுதான் அடி! எனக்கு இப்ப எல்லாம் விளங்கிருச்சு!" மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடியது. பக்கத்தில் நின்ற மானைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

அது ஆடிக்கொண்டிருந்தபோதே வீரணன் ஒரு முழம் தூரத்தில் இருந்த பந்தை லேசாகத் தட்டியது. பந்து குழிக்குள் விழுந்தது. அந்தச் சின்னச் சத்தத்தைச் சடையாண்டியைத் தவிர எல்லோரும் கேட்டார்கள்.

மறுநாள் காலை பன்றிக் கூட்டம் முதலில் இறங்கியது. குடித்தது, புரண்டது, குட்டிகளைப் புரட்டியது, இன்னொருமுறை புரண்டது. வெயில் ஏறிய பிறகுதான் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது. குட்டை புளி கரைத்த சட்டி மாதிரி இருந்தது. மூக்காயியின் குட்டிகள் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே பின்னால் நகர்ந்தன. மிகச் சின்னக் குட்டி குடிக்கவே மாட்டேன் என்று அழுதது.

சடையாண்டி மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. "அந்த ஒம்பதாவது அடியை மட்டும் முதல்லயே அடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தது.

மூக்காயி அதை முடிக்கவிடவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"அண்ணே, குட்டிங்க பயப்படுதுங்க. நீங்க முதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. உங்களைப் பாத்தா அதுங்களும் குடிக்கும்."

சடையாண்டி குனிந்தது. அந்தக் காட்டில் யாருக்கும் இல்லாத அளவுக்குக் கருத்து வைத்திருந்த வாய், சேற்றை உறிஞ்சியது. பல்லில் மண் நறநறத்தது. நாலு குட்டிகளும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. முகம் சுளித்தால் அவை குடிக்காது என்று தெரிந்து, சடையாண்டி முகத்தைச் சுளிக்காமல் விழுங்கியது. இன்னொரு வாயும் குடித்தது.

பிறகு குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து குடித்தன.

எதற்காகச் செய்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நாளெல்லாம் பழகினால், தப்புதான் நன்றாகக் கைவரும். அதன் பலனை நம்மை நம்பியவர்களும் சேர்ந்து அனுபவிப்பார்கள்.