கரடிக்குக் களி வைத்தவர்

மலைக்கும் ஊருக்கும் நடுவே மனிதர்கள் இன்னும் வேலி போடாத காலம் அது. ஆனைக்கல் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் இருந்தது. ஊருக்குப் பின்னால் இலுப்பைத் தோப்பு. தோப்பு யாருக்கும் தனிச் சொந்தமில்லை, ஊருக்கே பொது. கோடையில் விடியுமுன் பூ உதிரும். பெண்கள் கூடையோடு போவார்கள், பொறுக்குவார்கள், உலர்த்துவார்கள்.

அந்த ஊரில் மாரக்காள் என்று ஒருத்தி. புருஷன் இல்லை, நிலம் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகளும் இரண்டு ஆடுகளும் உண்டு. மழை மாதங்களில் கூலிவேலை கிடைக்காது. இலுப்பைப் பூவை வறுத்து இடித்து உருண்டை பிடித்துத்தான் அந்த வீடு பசியைக் கடக்கும். பூ இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை.

அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு. நிலபுலன் உள்ளவர், பேச்சில் தேன் ஒழுகும். ஒரு கோடையில் அவருக்குத் திடீரென்று கருணை வந்தது. தோப்புக்கு ஒரு கரடி வருகிறதாம், மெலிந்து கிடக்கிறதாம். பொழுது சாயும் நேரத்தில் கேழ்வரகுக் களியில் வெல்லம் பிசைந்து, ஒரு பெரிய சட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். விடியுமுன் கரடி வந்தது, தின்றது, அங்கேயே படுத்துக்கொண்டது. தினமும் இதே கதை.

பெண்கள் பயந்துபோய்த் தோப்புப் பக்கம் போவதையே விட்டார்கள். ஆனாலும் அய்யாக்கண்ணுவைக் கண்டால் ஊரே கும்பிட்டது.

மாரக்காளும் கும்பிட்டாள். ஆனால் மனசுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

கருணை உள்ளவர் சட்டியை மலைப்பக்கம் வைக்கலாமே, பெண்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் ஏன் வைக்கிறார்? கரடி பாதையில் படுத்திருக்கிற அதே நேரத்தில், தன் வயல் வழியாகத் தோப்பின் பின்பக்கம் இவர் ஏன் போய்வருகிறார்? யாருமே பூப் பொறுக்காத ஊரில், இவர் வீட்டிலிருந்து மட்டும் இலுப்பைப் பூ காய்கிற வாடை எப்படி வருகிறது?

மூன்று கேள்விகளோடும் நாட்டாமையிடம் போனாள். அவர் முகம் சுளித்தார்.

“வாயில்லாச் சீவனுக்குச் சோறு போடுற மனுசனையா சந்தேகப்படுற? கண்ணால பாத்தியா?”

“மூக்கால பாத்தேனுங்க.”

“மூக்கு சொன்னதுக்கெல்லாம் பஞ்சாயத்துக் கூட்ட முடியாது. வீட்டுக்குப் போ தாயி.”

போகிற வழியில் அய்யாக்கண்ணுவே எதிரே வந்தார். “அண்ணே, அந்தச் சட்டியக் கொஞ்சம் மலைப்பக்கமாத் தள்ளி வைக்கக் கூடாதா?” என்று கேட்டாள்.

“எனக்கென்ன தங்கச்சி, வைக்கலாம். ஆனா அது பழகின எடத்துலதான் சாப்பிடும். காட்டுச் சீவன் பாரு” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு மாரக்காளுக்குப் பிடிக்கவில்லை. பழகின இடத்தில்தான் சாப்பிடுமா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

அன்று மாலை அவர் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பியதும், அதைத் தூக்கித் தோப்பின் ஓரத்தில் வைத்தாள். மறுநாள் அவர் வயல் வரப்பில் வைத்தாள். இரண்டு நாளும் விடிந்தபோது சட்டி காலி. கரடிதான் உருட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று அய்யாக்கண்ணு நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பாதிக் களியை வழித்துத் தன் ஆடுகளுக்குப் போட்டாள். மிச்சத்தை அய்யாக்கண்ணுவின் வாசலில் வைத்துவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள்.

கிழக்கு வெளுக்கும் நேரம். அய்யாக்கண்ணு கூடையும் கையுமாகக் கதவைத் திறந்தார். வாசலில் கரடி சட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கதவைச் சாத்தினார். அதற்குள் கரடியின் மூக்கில் பூ வாடை ஏறிவிட்டது. பாதி வயிறுதானே நிறைந்திருந்தது. கதவை முட்டித் தள்ளியது. அவர் பின்பக்கமாக ஓடிக் கூரையில் ஏறினார். உள்ளே ஒரு குதிர் உருண்டது, இன்னொரு குதிர் உருண்டது, மூன்றாவதும் உருண்டது. உலர்ந்த இலுப்பைப் பூ சரிந்து வாசல்வரை வந்தது. அதன் நடுவே கரடி உட்கார்ந்து நிதானமாகத் தின்றது.

ஊர் தூரத்தில் நின்று பார்த்தது.

“யாராச்சும் வெரட்டுங்களேன்” என்றார் கூரைமேல் இருந்தவர்.

“பாவம்ணே, பசியோட வந்திருக்கு” என்றாள் மாரக்காள். “நீங்க இருந்து சாப்பிட வச்சு அனுப்புங்க. நாங்க தோப்புக்குப் போயிட்டு வந்துடுறோம்.”

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியாகக் கூடையோடு கிளம்பினார்கள். பாதை காலியாக இருந்தது. பூ வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது.

குதிர்களில் மிஞ்சியதை நாட்டாமை வீட்டுக்கு வீடு அளந்து கொடுத்தார். களி நின்றதும் கரடி சில நாள் வந்து பார்த்தது, பிறகு மலையேறிப் போய்விட்டது. அந்த மழைக்காலத்தில் மாரக்காளின் பிள்ளைகள் பசியோடு படுக்கவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒருவர் செய்கிற தருமம் யாருடைய வழியை அடைக்கிறது என்று பார்த்த பிறகே அவரைக் கும்பிட வேண்டும்.