ஆவுடை கண்ணை எடுக்கவில்லை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், வானம் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருந்த காலத்தில், ஏழுகுன்றம் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மக்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள், ஆனால் சொன்னதையெல்லாம் நம்புகிறவர்கள். நட்சத்திரம் எரிந்து விழுவதைக் கண்டால் உடனே முகத்தைத் திருப்பிப் பச்சை இலையைப் பார்க்க வேண்டும், பார்க்காதவன் கண் அவிந்துபோகும் என்று அரண்மனை ஜோதிடன் தூமசித்தன் சொல்லியிருந்தான். ஒருவரும் அதை மீறியதில்லை. வாசலில் துளசி, மாட்டுக்கொட்டகையில் வேப்பங்கொத்து, தொட்டில் கயிற்றில்கூட ஒரு மாவிலை. இந்தத் தூமசித்தன், ராஜா மகுடவர்மனின் தாத்தா காலத்திலிருந்தே ஜோதிடன். அப்போதும் அவன் தலைமுடி கறுப்பு, இப்போதும் கறுப்பு. அது எப்படி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

கோட்டையின் நடுவில் மணிக்கோபுரம். அதன் உச்சியில் காவல் இருந்தவன் வெயிலுமுத்து. நட்சத்திரம் விழுவதை முதலில் காண்பவன் அவன்தான். கண்டதும் மணியை அடிப்பான், தானும் பச்சையைப் பார்த்துக்கொள்வான். மணிச்சத்தம் கேட்டதும் ஊரே பச்சையைப் பார்க்கும். தினமும் பொழுது சாயும்போது அவனுக்குச் சோற்றுக் கலயமும் புது வேப்பங்கொத்தும் கொண்டுபோய்க் கொடுப்பவள் அவன் மனைவி ஆவுடை.

ஒருநாள் வெயிலுமுத்து, கூட இருந்த சேவகர்கள் சிரிக்கும்படி, "குழம்புல கடல்தண்ணியையே கொண்டாந்து ஊத்திட்டியா, ஆவுடை?" என்று கேட்டுவிட்டான். ஆவுடைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் கலயத்தைக் கோபுரத்தின் அடியிலேயே வைத்துவிட்டு, வேப்பங்கொத்தைக் கொடுக்காமல் திரும்பிவிட்டாள். ஒருநாள் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தாள். முழுகித்தான் போனது.

அன்று மாலை மேற்கே ஒரு வால்நட்சத்திரம் தலைகாட்டியது. அதிலிருந்து ஒரு பொறி பிரிந்து விழுந்தது. மணி ஒலித்தது. சத்தம் கேட்டதும் ஆவுடைக்குக் கொடுக்காத கொத்து நினைவுக்கு வந்தது. கோபமாவது ஒன்றாவது, கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். மூச்சிரைக்கப் படியேறிப் பார்த்தால், மணிக்கயிற்றைப் பிடித்த கை பிடித்தபடி, அவள் புருஷன் கருங்கல்லாக நின்றான்.

அன்றிரவே சபை கூடியது. தூமசித்தன் கட்டங்களைப் போட்டுக் கண்ணை மூடித் திறந்தான். வெயிலுமுத்து பிறந்தது மூல நட்சத்திரம், அது கேதுவின் நட்சத்திரம், வந்திருப்பதோ தூமகேது, தன் ஆளைத் தேடித்தான் வந்திருக்கிறது என்றான். நாளை மறுநாள் மாலை நட்சத்திர மழை பொழியும். முதல் நட்சத்திரம் விழும்போது அந்தக் கல்லை உடைத்துப் போட்டால் நாடு பிழைக்கும், இல்லாவிட்டால் எல்லாரும் கல்தான் என்றான். ராஜாவுக்குக் கிரீடம் ஆடியது. ஆவுடை காலில் விழுந்து கதறினாள். கல்லுக்காக யாராவது நாட்டை இழப்பார்களா என்று ராஜா கேட்டார். சம்மட்டி பிடிக்கும் ஆட்களுக்கு உத்தரவு போனது: நட்சத்திரம் விழுந்ததும் முதலில் பச்சையைப் பாருங்கள், பிறகு உடையுங்கள்.

வால்நட்சத்திரம் முதல் மாலை ஒரு முழம் இருந்தது. இரண்டாம் மாலை பனைமர உயரம் இருந்தது. அந்த இரண்டாம் மாலை ஆவுடை கோபுரத்தில் ஏறி, கல்லின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் ரோஷம்தானே உங்களைக் கொன்றது என்று அழுதாள். அப்போது கல்லின் காலடியில் புளியங்கொட்டை அளவில் ஏதோ மினுங்கியது. கையில் எடுத்தாள். இளஞ்சூடாக இருந்தது. அது பேசியது.

"அழாதே அக்கா. நான் விழுந்த நட்சத்திரம். மேலே நிற்கிறவள் என் அம்மா."

அது சொன்ன கதை இது. வால்நட்சத்திரத்துக்குக் கணக்கில்லாத பிள்ளைகள். அவை பனி குடிக்கப் பூமிக்கு இறங்கும், குடித்துவிட்டு மேலே போகும். ஊருக்கு வெளியே கழுகுப்பாறையில் தூமசித்தன் ஒரு செப்புக்குடம் வைத்திருக்கிறான். இறங்குகிற பிள்ளைகளை அந்தக் குடம் இழுத்துக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு அவனுக்கு ஒரு வயது குறையும். ஆனால் அவனைத் தவிர வேறொரு மனிதக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் குடத்தின் மந்திரம் பலிக்காது. அதற்குத்தான் எல்லாரையும் பச்சை பார்க்கச் சொன்னான். கொத்து இல்லாததால் வெயிலுமுத்து பார்த்தான். அதனால்தான் இந்தப் பிள்ளை தப்பியது. ஆத்திரத்தில் தூமசித்தன் அவனைக் கல்லாக்கினான். பிள்ளைகளைக் காணாமல்தான் தாய் தேடி வந்திருக்கிறாள்.

"குடத்தின் பக்கத்திலேயே நின்று, ஒரு நட்சத்திரம் தரையைத் தொடும்வரை யாராவது பார்த்தால் குடம் வெடிக்கும். அவன் கட்டியதெல்லாம் அவிழும்" என்றது சின்ன நட்சத்திரம். "ஆனால் அவன் உன்னையும் கல்லாக்குவான். அந்த மந்திரம் காலில் தொடங்கிக் கண்ணில் முடியும். அதற்குள் நட்சத்திரம் தரையைத் தொட வேண்டும்."

"தொடலேன்னா?"

"நீயும் கல்."

ஆவுடை அதை மடியில் முடிந்துகொண்டாள்.

மூன்றாம் மாலை வால்நட்சத்திரம் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. கோபுரத்தில் சம்மட்டிகள் ஏறின. ஊர் முழுவதும் ஆளுக்கொரு இலையோடு காத்திருந்தது. ஆவுடை முள்ளும் கல்லுமான பாதையில் கழுகுப்பாறை ஏறினாள். மேலே குடத்தின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூமசித்தன் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

முதல் நட்சத்திரம் பிரிந்தது. கோட்டையில் சம்மட்டி ஆள் ஒருவன் சம்மட்டியாலேயே மணியை அடித்தான். குடம் இழுக்க, அது மெல்ல மெல்லக் கிறங்கி இறங்கியது. யாரோ பார்க்கிறார்கள் என்பது தூமசித்தனுக்கு அப்போதுதான் உறைத்தது.

விபூதியை ஊதினான். அவள் தலையைச் சுற்றி ஒரு கிளி பறந்தது, இளந்தளிர் நிறத்துக் கிளி. "என்னைப் பார், கண் பிழைக்கும்" என்றது. ஆவுடையின் கால் கல்லானது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

மறுபடியும் ஊதினான். மொட்டைப்பாறை முழுவதும் நெல்வயல் ஆனது. கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. காற்றில் கதிர்கள் அவள் கன்னத்தை வருடின. நட்சத்திரத்தின் ஒளியோ கண்ணைக் குத்திக் கண்ணீரை வரவழைத்தது. திரும்பிவிடலாமா என்று இருந்தது. இடுப்புவரை கல்லானது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாம் முறை ஊதினான். அவள் தோளுக்குப் பின்னால் வெயிலுமுத்துவின் குரல் கேட்டது. "ஆவுடை, கண்ணு எரியுது. கொத்து கொண்டாந்தியா? என்னைக் கொஞ்சம் பாரேன்."

அந்தக் குரலுக்குத்தான் அவள் உயிரே ஆடிப்போனது. இரண்டு நாளாக எந்தக் குரலுக்காக ஏங்கினாளோ, அதே குரல். கோட்டையில் இலைகளைப் பார்த்து முடித்தவர்கள் சம்மட்டியை ஓங்கிவிட்டார்கள். கழுத்துவரை கல்லானது. வாய் கல்லானது. கன்னம் கல்லானது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

நட்சத்திரம் தரையைத் தொட்டது.

செப்புக்குடம் சுக்குநூறாக வெடித்தது. அடைபட்டிருந்த பிள்ளைகள் பொலபொலவென்று வெளியே கொட்டி, பாறையை ஒருமுறை சுற்றி, தாயை நோக்கி மேலே பறந்தன. அவள் மடியில் இருந்த சின்னதும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போனது. அதுவரை கீழே விழுவதை மட்டுமே அறிந்திருந்த ஊர், நட்சத்திரங்கள் மேலே ஏறுவதை அன்றுதான் கண்டது. சம்மட்டி ஆட்கள் ஓங்கிய கையை மறந்து வாயைப் பிளந்து நின்றார்கள். பச்சையாவது இலையாவது!

திருடிய வயதெல்லாம் ஒரே நொடியில் தூமசித்தன் மேல் வந்து விழுந்தது. நிமிர்வதற்குள் கூனினான், கூனியபடியே கல்லானான். ஆடு மேய்க்கிறவர்கள் இன்றைக்கும் அவன் முதுகில்தான் துண்டு காயப்போடுகிறார்கள்.

ஆவுடை கல் உதிர்ந்த காலை உதறிக்கொண்டு, விழுந்தடித்து ஓடினாள். கோபுரப் படியில் பாதி ஏறும்போதே எதிரே வெயிலுமுத்து தள்ளாடி இறங்கி வந்தான். கல்லுக்குள் இருந்தபோதும் அவனுக்கு நினைவு இருந்திருக்கிறது. பேச்சுதான் வரவில்லை. அத்தனை நேரமும் ஒன்றையே நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதைத்தான் முதலில் சொன்னான்.

"ஆவுடை, குழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

அவள் அழுதாள், சிரித்தாள், அவன் தோளில் ரெண்டு அடியும் வைத்தாள்.

ராஜா வெட்கத்தோடு வந்து, என்ன வேண்டுமானாலும் கேள் என்றார். பிறந்த நட்சத்திரத்தைச் சொல்லி இந்த நாட்டில் இனி ஒரு உயிரையும் பலி கேட்கக் கூடாது என்று கேட்டாள் ஆவுடை. ராஜா வாக்குக் கொடுத்தார், கழுகுப்பாறை அடிவாரத்து நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தார். கோபுரத்து மணி இன்றும் அடிக்கிறது. அடித்தால் ஏழுகுன்றத்தார் வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்க்கிறார்கள். தாய் மேலே போய்விட்டாள், பிள்ளைகள் இன்னும் பனி குடிக்க வருகிறார்கள். நீங்கள் காணும்போதும் முகத்தைத் திருப்பாதீர்கள். அது இறங்கி முடியும்வரை கூடவே பாருங்கள்.