ரைட்டர் வேடம்

குருவையா தன் குறைகளை வரிசைப்படி சொன்னார். காலமெல்லாம் ஆலை வாசலில் கோரிக்கை வைத்துப் பழகிய வாய். ஒன்று முடியாமல் இரண்டு வராது.

முதலாவது, நடிப்புப் படிக்க வந்த அன்றே அவருடைய சிவப்புத் துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னது. லத்திக்கும் இறங்காத துண்டு அது.

இரண்டாவது, மைக் இல்லாமல் தெருக்கோடி வரைக்கும் பேசியவருக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தது.

மூன்றாவது, அவரைக் கதவாக நிற்க வைத்தது. சின்னப் பையன்கள் அவரைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள், சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள்.

நான்காவது, நாடகத்தில் அவருக்குப் போலீஸ் வேடம் கொடுத்தது. அதிலும் இன்ஸ்பெக்டர் இல்லை. ஸ்டேஷன் ரைட்டர். பெயரும் விவரமும் வாசித்துவிட்டுப் போகிற ஆள். ஒரே ஒரு வசனம்.

ஐந்தாவது, அந்த ஒரு வசனத்தையும் பிடுங்கி மேளம் அடிக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இன்று காலை எல்லார் முன்னாலும் சொன்னது.

"பதில் சொல்லுங்க, டைரக்டரம்மா."

ஜெசிந்தா பன் தின்றுகொண்டிருந்தாள். விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"ஆறாவது ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி. விட்டுட்டீங்க."

"என்னது?"

"நேத்து பிணத்தைத் தாண்டிப் போனீங்க."

தரையில் ஒரு வெள்ளை வேட்டி விரித்துக் கிடந்தது. அதற்கு அடியில் ஆள் கிடையாது. நாடகத்தில் அதுதான் பிணம்.

"வேட்டியைத்தானே தாண்டினேன்."

"அதைத்தான் சொல்லுதேன்" என்றாள்.

மூடிப்போன சினிமாக் கொட்டகை அது. நாற்காலிகளைப் பிடுங்கி விற்றுவிட்டார்கள். திரை இருந்த சுவருக்கு முன்னால் ஜெசிந்தா நடிப்புச் சொல்லிக்கொடுத்தாள். சென்னையில் சினிமாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். அங்கே அவளுக்கு வாய்த்ததெல்லாம் இரண்டு வேடங்கள். ஒன்று நர்ஸ், இல்லாவிட்டால் பிணம். அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். குருவையாவின் மகள் வயதுகூட இருக்காது அவளுக்கு.

குருவையா நரைத்த பிறகு நடிக்க வந்தவர். கட்சி மூன்றாக உடைந்தபோது மூன்று பேரும் அவரை நீக்கினார்கள். அதில் அவருக்குப் பெருமைதான். விலைபோகாதவனை யார் வைத்துக்கொள்வார்கள்?

அவர் வந்தது புகழுக்கு இல்லை. பொன்னுலிங்கத்துக்காக.

வேலைநிறுத்தத்தின்போது ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் செத்தவன் பொன்னுலிங்கம். குருவையாவுக்குப் பக்கத்தில் நின்றவன். பிரேத விசாரணைக்குப் பஞ்சாயத்தார் என்று நாலு பேரைக் கூட்டிவந்து சாட்சிக்கு உட்காரவைத்துவிட்டு, 'அடையாளம் தெரியாத ஆண்' என்று வாசித்தார்கள். ஊருக்கே தெரிந்தவன், சர்க்காருக்கு மட்டும் தெரியவில்லை.

அன்றிலிருந்து வருடம் தவறாமல் அந்த நாளில், அந்த வாசலில், குருவையா அவன் பெயரை முழங்கினார். முதலில் ஆயிரம் பேர் கேட்டார்கள். பிறகு நூறு பேர். போன வருடம் டீக்கடைக்காரர் மட்டும் கேட்டார், அவரும் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டார்.

நாடகம் என்றால் ஜனம் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். அதனால் வந்தார்.

அந்தப் பெயரைச் சொல்கிற வசனம்தான் ரைட்டருடையது. போலீஸ்காரன் வாயிலா அந்தப் பெயர் வரவேண்டும் என்று ஆரம்பத்திலேயே சண்டை போட்டார். அன்றைக்கு அவர்கள்தான் அதைச் சொல்லவில்லை என்றார்.

"அதனாலதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள்.

காலையில் நடந்தது இதுதான். குருவையா சாட்சிப் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, "இறந்தவர் பெயர் பொன்னுலிங்கம்" என்றார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தாடை மேலே போயிற்று. வலது கை இடுப்பைத் தாண்டி எழும்பி, பாதியில் நின்றது. அப்படியே நிறுத்தி, காத்திருந்தார்.

மேளம் அடிக்கிற பயல் கையை உயர்த்தி, "வாழ்க!" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுலிங்கத்தின் மனைவியாக நடிக்கிற பெண், அழுதுகொண்டிருந்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"யாருக்கு எடம் விட்டு நிக்கீங்க?" என்று கேட்டாள்.

அப்படி நிற்பதே அவருக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகுதான் அவள் மேளக்காரனைப் பற்றிச் சொன்னாள்.

இப்போது ஐந்து குறைகளையும் சொல்லி முடித்தாயிற்று. ஆறாவதையும் கேட்டாயிற்று. குருவையாவின் குரல் இறங்கியது.

"பிறகு எப்படித்தான் சொல்ல? சொல்லிக்கொடுங்க."

ஜெசிந்தா மிச்ச பன்னை மேடை ஓரத்தில் வைத்தாள். அதைச் சுற்றி வந்த காகிதத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பஞ்சாயத்தார். பெஞ்சுல உக்காருங்க."

உட்கார்ந்தார்.

அவள் பக்கவாசல் வழியாக வெளியே போனாள். வெளியே ஒரு லாரி போயிற்று.

பிறகு உள்ளே வந்தது ஜெசிந்தா இல்லை.

காலையிலிருந்து டீ குடிக்காத ஒரு ஆள் வந்தான். பூட்ஸ் கடித்து ஒரு காலைச் சாய்த்து வைக்கிறவன். உடை மாறவில்லை, மீசை ஒட்டவில்லை, ஆனாலும் அவனுக்குத் தொப்பை இருந்தது. இந்த நடையைக் குருவையா எத்தனையோ ஸ்டேஷனில் பார்த்திருக்கிறார்.

அவன் வேட்டியைத் தாண்டவில்லை. அதைப் பார்க்கவும் இல்லை. மனுஷன் கிடக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரிப் போனான்.

பெஞ்சுக்கு முன்னால் நின்றான். காகிதத்தைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, வாசித்தான்.

"இறந்தவர் பெயர் குருவையா. தகப்பனார் பெயர் சுடலைமுத்து. தொழில், ஆலைத் தொழிலாளி."

நிமிர்ந்து பார்த்தான். காதில் விழுந்ததா என்று மட்டும் பார்த்தான். வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. காகிதத்தை மடித்தான்.

குருவையாவின் பெயரைக் கோர்ட்டில் டவாலி கூவியிருக்கிறான். போஸ்டரில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் வசவோடு சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒருநாளும் அவர் அதைக் கேட்டதில்லை.

வேட்டியைப் பார்த்தார்.

அதில் முழங்கால் இருந்த இடம் தெரிந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதம் தெரிந்தது. குதிகால் வெடிப்பு தெரிந்தது. அது அவருடைய குதிகால்.

தன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிணத்தின் மேல் பட்டுவிடக்கூடாது என்று இழுத்துக்கொண்டார்.

மேளக்காரப் பயல் குச்சியைக் கீழே வைத்துவிட்டிருந்தான்.

ஜெசிந்தா ஜெசிந்தாவாகி, மேடை ஓரத்திலிருந்து பன்னை எடுத்துக் கடித்தாள்.

குருவையா கேட்டார்.

"பொன்னுலிங்கத்தோட அப்பா பேரையும் சேர்த்துக்கிடலாமா?"

"தெரியுமா?"

"ஒரே சட்டியில கஞ்சி குடிச்சிருக்கோம். கோஷத்துல அதுக்கு எடம் இருக்காது."

"சேர்த்துக்கிடுங்க."

அவர் மறுபடியும் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஒத்திகையில் அவருடைய வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. ஏன் என்று ஜெசிந்தாவும் கேட்கவில்லை. வசனத்தை மேளக்காரனுக்கும் கொடுக்கவில்லை.

பொன்னுலிங்கம் செத்த அந்த நாள் வந்தது.

ஆலை இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பழைய வாசல் வளைவை மட்டும் அழகுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள். சுட்டவனுக்குப் பதவி உயர்வு, சுடப்பட்ட இடத்துக்கு வர்ணம்.

சாயங்காலம், அந்த வளைவுக்கு முன்னால் நாடகம். பஸ்ஸுக்கு நின்றவர்கள், காய்கறிப் பையோடு வந்தவர்கள் என்று கொஞ்சம் கூட்டம். இந்தக் குழுவின் வழக்கப்படி, சாட்சிப் பெஞ்சுக்கு ஜனத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டாள் ஜெசிந்தா. ஒரு வாழைப்பழக்காரர். ஒரு பேங்க்காரர். குழந்தையோடு ஒரு பெண். காதில் வயர் மாட்டிய ஒரு கல்லூரிப் பையன். கூச்சத்தில் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

குருவையா காக்கியில் வந்தார்.

"தோழருக்குக் காக்கி அம்சமா இருக்கு" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. பழைய சங்கத்துக்காரன் ஒருவனுடைய குரல். வாழ்நாளில் அவர் பதில் கொடுக்காமல் விட்ட முதல் நக்கல் அதுதான்.

வேட்டி கிடந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் அவர் கால்களைப் பார்த்தார்கள். பிறகு வேட்டியைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

பையன் காதிலிருந்து வயரைப் பிடுங்கினான். குழந்தையின் முகத்தைத் தாய் தன் தோளில் திருப்பிக்கொண்டாள். பேங்க்காரர் குனிந்து செருப்பைக் கழற்றினார். வாழைப்பழக்காரர் தன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

குருவையா காகிதத்தைத் தூரப் பிடித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வாசித்தார்.

"இறந்தவர் பெயர் பொன்னுலிங்கம். தகப்பனார் பெயர் சங்கிலி."