நேரடியாக வந்தவர்கள்

"டீச்சர், அறுபத்தொன்பது பேரைக் காணோம்," என்றார் நல்லசிவம்.

ஹமீதா பானு திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தார்.

"யாரு அவங்க?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வரேன்?"

மலையடிவாரத்துப் பெண்கள் கல்லூரி அது. நல்லசிவம் அங்கே விளம்பர அலுவலர். வயது ஐம்பத்திரண்டு. ஹமீதா புள்ளியியல் பேராசிரியை, அவரைவிடப் பதினாறு வயது சின்னவர். அலுவலர்களுக்காக ஹமீதா ஒரு வருடம் நடத்திய சனிக்கிழமை வகுப்பில் நல்லசிவம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டு போட்டு எழுதிப் படித்தார். அன்றிலிருந்து அவருக்கு இவர் டீச்சர்.

"உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

நல்லசிவம் லேப்டாப்பைத் திறந்து அட்டவணையைக் காட்டினார்.

கல்லூரியின் சேர்க்கை இணையதளத்துக்கு யார் எந்த வழியாக வருகிறார்கள் என்று சொல்லும் அட்டவணை. போன வருடம்தான் அதை ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு விளம்பரத்திலும் கொடுக்கும் இணைப்பின் முடிவில் ஒரு வால் இருக்கும். பேருந்தின் பின்னால் ஒட்டியதற்கு ஒரு வால். வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு இன்னொன்று. செய்தித்தாளுக்கு வேறு. வருகிறவர் எந்த வாலோடு வந்தார் என்று தளம் குறித்துக்கொள்ளும்.

வால் இல்லாமல் வருகிறவர்களுக்கும் ஒரு வரி உண்டு. அதன் பெயர் 'நேரடி'.

"பஸ்ஸு ஏறியிருக்கு. வாட்ஸ்அப் ரெண்டு மடங்கு. எல்லாமே ஏறியிருக்கு டீச்சர். இந்த நேரடி மட்டும் போன வருஷம் அறுநூத்தி நாப்பது, இந்த வருஷம் ஐநூத்தி எழுபத்தொண்ணு. பிரின்சிபால் ஏன்னு கேக்கறார். எனக்கு பதில் இல்ல."

ஹமீதா அட்டவணையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"போன வருஷம் செஞ்சு, இந்த வருஷம் செய்யாதது என்ன?"

நல்லசிவம் யோசித்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான். மலைக்கு ஜீப் போறதை நிறுத்தினோம். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மலைக்குத் தனி வால் போட்டிருந்தேன். சீசன் முழுக்க அதுல வந்தது மூணு பேர்."

"யாரு போயிட்டிருந்தாங்க?"

"பிலோமினா."

அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

பிலோமினா எட்டு வருடம் மலைக்குப் போனவர். பங்குனி பிறந்தால் ஜீப்பில் ஏறிவிடுவார். மேலே பதினோரு ஊர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுப்பார். அப்பாமார்களிடம் மன்றாடுவார். அட்டைக்கடியோடு திரும்பி வருவார்.

போன வருடக் கூட்டத்தில் நல்லசிவம் திரையில் அட்டவணையைப் போட்டார். புதிதாகக் கற்றுக்கொண்டதைக் காட்டும் சந்தோஷத்தில் இருந்தார். மலை என்ற வரிக்கு எதிரே 3 என்று இருந்தது. யாரோ சிரித்தார்கள்.

பிலோமினா எழுந்து நின்றார்.

"சார், நெறையப் பேரு கேட்டாங்க சார். வர்றோம்னு சொன்னாங்க."

"கேட்டவங்க எங்கம்மா? இதுல காணோமே?"

பிலோமினா திரையைப் பார்த்தார். தன் கையில் இருந்த மிச்ச நோட்டீஸ்களைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

ஜீப்பை நகரத்துக் கல்விக் கண்காட்சிகளுக்கு விட்டார்கள். பிலோமினாவை நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கு எண் ஒட்டச் சொன்னார்கள். நாலு மாதம் ஒட்டினார். ஒருநாள் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நல்லசிவம் அன்று ஊரில் இல்லை.

"அந்த நோட்டீஸ் இருக்கா சார்?" என்றார் ஹமீதா.

நல்லசிவத்தின் கோப்பில் ஒன்று இருந்தது. ஹமீதா அதை வாங்கிச் சுவரில் குண்டூசியால் குத்தினார். பிறகு கையை நீட்டினார்.

"உங்க போனைக் குடுங்க."

கொடுத்தார்.

"இப்ப நீங்க மலை மேல இருக்கீங்க. அங்க சிக்னல் கிடையாது. நோட்டீஸைப் படிங்க. பிடிச்சிருந்தா லைப்ரரிக்குப் போய், அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல நம்ம தளத்தைத் திறந்துட்டு வாங்க."

"டீச்சர், இதெல்லாம் எதுக்கு..."

"போயிட்டு வாங்க சார்."

நல்லசிவம் நோட்டீஸ் முன்னால் நின்றார். முகவரி இரண்டு வரிக்கு நீண்டிருந்தது. முதலில் கல்லூரியின் பெயர். பிறகு ஒரு கேள்விக்குறி. அதற்குப் பிறகு எழுத்தும் எண்ணும் கோடும் கலந்து அவர் போட்ட வால். இரண்டு முறை படித்தார். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். கிளம்பினார்.

மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்தது. வழியில் தமிழ்த் துறைத் தலைவர் நிறுத்தி, மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்ததைச் சொன்னார். நூலகத்தை அடைந்து விசைப்பலகையில் கை வைத்தபோது கல்லூரியின் பெயர் மட்டும்தான் மனசில் இருந்தது. அதை அடித்தார். தளம் திறந்தது.

திரும்பி வந்தார்.

"திறந்துட்டேன் டீச்சர்."

ஹமீதா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். சேர்க்கை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தளத்துக்கு இப்போது ஈ, காக்கைகூட வருவதில்லை. அன்றைய கணக்கில் எல்லா வரியிலும் பூஜ்யம். ஒரே ஒரு வரியில் மட்டும் 1.

"இது யாரு சார்?"

"நான்தான்."

"எதைப் பார்த்து வந்தீங்க?"

நல்லசிவம் சுவரில் இருந்த நோட்டீஸைக் காட்டினார்.

"மலை வரியில உங்களைக் காணோமே?"

 

நல்லசிவம் நேரடி என்ற வரியில் இருந்த அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து சந்தை பஸ்ஸில் இறங்கி, ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் ஒற்றை விரலால் கல்லூரியின் பெயரைத் தட்டுகிற பெண்கள் ஒவ்வொருவராக அவர் கண்ணுக்குள் வந்தார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது.

நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப அந்த அறுபத்தொன்பதும் மலைதானா டீச்சர்?"

"தெரியாது சார்."

"பாதியாவது?"

"தெரியாது. இந்த அட்டவணை போட உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். எனக்கும் தெரியாது."

"யாருக்குத்தான் தெரியும்?"

ஹமீதா எழுந்து போய், நோட்டீஸின் கடைசி வரியில் விரலை வைத்தார். தொடர்புக்கு என்று போட்டு, பிலோமினாவின் பெயர் இருந்தது.

மறுநாள் மதியம் நல்லசிவம் பிலோமினாவைத் தேடிப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நல்லசிவத்தைப் பார்த்ததும் பிலோமினா எழுந்துகொண்டார்.

"வாங்க சார். உடம்புக்கு என்னங்க?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் தயார் செய்து வந்தது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. பிள்ளைங்க வந்திருக்காங்க. நான்தான் பார்க்கத் தெரியாம பார்த்தேன். எல்லார் முன்னாடியும் உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

பிலோமினா மடியில் கிடந்த டோக்கன் கட்டை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"விடுங்க சார். நானே நம்பிட்டனுங்க. எட்டு வருஷமா சும்மாதான் போய்ட்டு வந்திருக்கேன்னு நானே நெனச்சுட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூட நல்லசிவத்துக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"பிரின்சிபால்கிட்ட நான் பேசறேன். ஜீப்பைத் திரும்ப விடச் சொல்றேன். நீங்க வரணும்."

"வர்றனுங்க சார்," என்றார் பிலோமினா. யோசிக்கக்கூட இல்லை. பிறகு வராந்தாவுக்கு வெளியே பார்த்தார். "ஆனா பவளக்கொடி இருக்க மாட்டா."

"யாரு?"

"மேல சேம்பூர்ல ஒரு பொண்ணுங்க. நல்லாப் படிப்பா. போன வருஷம் பதினொண்ணு. இந்த வருஷம் பன்னெண்டு முடிச்சு நானூத்தி எண்பது எடுத்தா. அவங்கம்மா சளிக்கு மருந்து வாங்க இங்க வந்தப்ப சொன்னாங்க. ஆனி முடியற வரைக்கும் வீட்லதான் இருந்தாளாம். வண்டிச் சத்தம் கேட்டா ரோட்டுக்கு ஓடி வந்து பார்ப்பாளாம். அப்பறம் மில்லுக்காரங்க வண்டி வந்துச்சு. ஏறிப் போயிட்டா. மூணு வருஷம் வேலை செய்யறேன்னு கையெழுத்துங்க."

உள்ளே யாரோ டோக்கன் கேட்டார்கள். பிலோமினா எழவில்லை.

நல்லசிவத்துக்குப் புரியவில்லை.

"நோட்டீஸ் அவகிட்ட இருந்திருக்கும். மத்த பிள்ளைங்க மாதிரி கீழ வந்து ஒரு சென்டர்ல பதிஞ்சிருக்கலாமே. அவ ஏன் தானா வரலை?"

பிலோமினா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன் சார்."